தண்ணிக்குத் தாங்கும்

கடலுக்குப் போகாமல் சீவிக்க வழி கிடைத்ததென்று எமிலி மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திய அன்றே, கூடவே ஒரு வில்லங்கமும் வந்து சேர்ந்தது. புருசன் பஸ்ரியாம்பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. விடியமுன் அங்கே நிற்கவேண்டும். அவர்களுடைய தீவுக் கிராமமான கரம்பொனிலிருந்து போகும் முதல் பஸ்ஸோ, விடிந்த பிறகுதான் கொட்டாவி விட்டுக்கொண்டு வெளிக்கிடும்.

எமிலியின் தகப்பனைக் கடல் கொண்டது. பிறகு தம்பியையும் கொண்டது. அவனுடைய உடம்புகூடக் கரைக்கு வரவில்லை. போன மாரியில் பஸ்ரியாம்பிள்ளையின் வள்ளம் கடலடிக் கற்பாரில் அடித்து உடைந்து, அவன் ஒரு பலகையைக் கட்டிப்பிடித்துக் கரை சேர்ந்தபோது, அவன் கழுத்துச் சிலுவையில் கையை வைக்கச் சொல்லி அவள் சத்தியம் வாங்கினாள். இனிக் கடல் இல்லை. இந்த வேலையும் போனால் கரையில் வள்ளம் வைத்திருக்கும் யாக்கோப்பிடம் கூலிக்கு ஏறுவதைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

பக்கத்து ஊரான புளியங்கூடலில் வயல் வைத்திருந்த கமக்காரர் அப்புத்துரையரின் ஆட்டுக்கொட்டிலில் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் கிடந்தது. மகன் கொழும்புக்குப் போன நாளிலிருந்து அதை ஒருவரும் தொடவில்லை. பஸ்ரியாம்பிள்ளை அவருடைய வளவு முழுவதற்கும் பனையோலை வேலி அடைத்துக் கொடுத்துவிட்டு, கூலி வாங்காமல் அந்த மோட்டார்சைக்கிளைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"கொண்டுபோம். ஆடு ஏறிநிண்டு மூத்திரம் பெய்யிற சாமான்தானே" என்றார் அவர்.

உருட்டிக்கொண்டு வந்தபோது ஊரே கொடுப்புக்குள் சிரித்தது. "அண்ணை, பால் கறக்குமோ?" என்று ஒருவன் கேட்டான். சிரிக்கட்டுமே! சிரித்தவன் எவனாவது ஒரு ஆணி தந்தானா? தேய்ந்த ரயருக்குள் வள்ளத்தின் கிழிந்த பாய்ச்சீலையை மடித்து வைத்தான் பஸ்ரியாம்பிள்ளை. கால்மிதிக்குப் பூவரசங்கட்டை. இருக்கைக்குத் தும்பு அடைத்த சாக்கு. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பக்கம் கராச் வைத்திருந்த தியாகலிங்கம் இரக்கப்பட்டு ஒரு பழைய பிளக் கொடுத்து, எஞ்சினையும் கழுவிப் பூட்டிவிட்டான். ஆனால் பெற்றோல் தாங்கியைத் திருப்பிப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணை, அடித்தகடு கடுதாசி மாதிரி உக்கிப்போச்சு. ஒட்டப்போனால் ஓட்டை இன்னும் பெருக்கும். வேறை ஒண்டு தேடுங்கோ."

எங்கே தேடுவது? வெளிநாட்டுச் சாமான் எல்லாவற்றையும் அரசாங்கம் மறித்து வைத்திருந்த காலம் அது. சைக்கிள் செயினுக்கே ஆளுக்காள் கெஞ்சித் திரிந்தார்கள்.

"ஓட்டை அடைக்கிறதுக்கு எனக்கு ஆர் வேணும் தம்பி?" என்று பஸ்ரியாம்பிள்ளை தாங்கியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். எப்படி அடைக்கப்போகிறான் என்று தியாகலிங்கமும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவன் சொன்னதில் பொய்யில்லை. கரம்பொன் கரையில் அவன் கை பட்ட வள்ளம் ஒன்றும் ஒழுகியதில்லை. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, பஞ்சைத் தோய்த்து, வள்ளத்துப் பொருத்தை அடைப்பதுபோலத் தாங்கியின் அடியை அடைத்தான். காய்ந்ததும் வள்ளக்காரன் பார்க்கிற மாதிரியே பார்த்தான்: தண்ணீரை முட்ட வார்த்துப் பூவரசங் கொப்பில் கட்டித் தொங்கவிட்டான். மறுநாள் கீழே மணல் பொருபொருவென்று காய்ந்து கிடந்தது.

"பாத்தியே!" என்றான் எமிலியிடம். அவளுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

மோட்டார்சைக்கிள் ஓடியது. வேலணை தாண்டி, அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலத்தில் வாடைக்காற்று முகத்தில் அறைய அறைய ஓடியது. "இனியொருக்கால் பிந்தினால் வரவேண்டாம்" என்று சொல்லியிருந்த மனேச்சர் வாயை மூடிக்கொண்டார். போகப்போக எஞ்சின் சூடேறும் நேரத்தில் ஒரு வாசம் வரத் தொடங்கியது. கோயிலில் தூபம் காட்டுகிற வாசம். அவனுக்கு மெய் சிலிர்த்தது. எமிலியிடம் சொன்னபோது அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"மாதா கூட வாறா" என்றாள்.

ஐயோ, மாதா எங்கே வந்தாள்! கரைந்த குங்கிலியமல்லவா கொதிக்கிற எஞ்சினில் சொட்டிக்கொண்டு வந்தது!

ஒருநாள் பாலத்தின் நட்டநடுவில் மோட்டார்சைக்கிள் இருமியது, விக்கியது, நின்றது. உதைத்தான், உதைத்தான், கால்மிதிக் கட்டை பிளந்ததுதான் மிச்சம். இரண்டு பக்கமும் கடல். மூச்சிரைக்க உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நல்லாய் வெயில் ஏறிவிட்டது. அவனுடைய இடத்தில் வேறொருவன் ஐஸ்கட்டி இழுத்துக்கொண்டு நின்றான். மனேச்சர் ஏசக்கூட இல்லை. வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

தியாகலிங்கம் கழற்றிப் பார்த்தான். குழாய், காபரேற்றர் எல்லாம் ஒரே பிசின்.

"என்னத்தாலை அண்ணை அடைச்சனீங்கள்?"

"குங்கிலியம்."

"அட கடவுளே! அது தண்ணிக்குத் தாங்கும். பெற்றோலிலை கரையுமெல்லே!" கோபத்தில் ஸ்பனரை எறிந்தவன், பஸ்ரியாம்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத் தானே குனிந்து எடுத்தான். "இனி இதைத் திருத்த ஏலாது அண்ணை. தகடும் போச்சு."

அடுத்த கிழமை யாக்கோப்பின் வள்ளம் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கூலிக்குச் சேர்ந்தவன் என்ற முறையில் பஸ்ரியாம்பிள்ளைதான் அதன் பொருத்தை அடைத்தான். அதே சட்டியில் மிஞ்சிய அதே குங்கிலியம். எமிலி தேத்தண்ணி கொண்டுவந்தவள், போகாமல் பக்கத்தில் நின்றாள்.

"இது தாங்குமே?"

"தண்ணிக்குத் தாங்கும்" என்றான் அவன், நிமிராமல்.

"என்ரை அப்பு கடைசியாய்ப் போன வள்ளமும் ஒழுகேல்லை."

அவன் பஞ்சைப் பொருத்துக்குள் இன்னும் அமத்தினான். பின்னேரம் யாக்கோப்பு கடலுக்குக் கூப்பிட்டுச் சத்தம் வைத்தபோது, எமிலி கிட்ட வந்து அவன் கழுத்திலிருந்த சிலுவையைக் கழற்றினாள். அவன் திகைத்துப்போய் அவள் கையைப் பிடித்தான். சிலுவை இல்லாமல் அவன் ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை.

"சத்தியம் இதிலையெல்லே கிடக்கு" என்றாள் அவள். "இதைப் போட்டுக்கொண்டு நீங்கள் போக ஏலாது."

வெறுங்கழுத்தோடு அவன் வள்ளத்தில் ஏறினான்.