ரொமிக்காக ஒரு விண்ணப்பச் சீட்டு

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1993 மாசியில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், என்னுடைய நாய் புற்றுநோயில் செத்தது. அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் இரண்டு செத்தவீடு, இரண்டும் ஷெல் விழுந்து போனவர்கள். மூன்றாவதாக நானும் ஒன்றை நடத்த முடியாதல்லவா? வேலைக்குப் போகாமல் கிடந்ததற்குக் காய்ச்சல் என்று கடிதம் கொடுத்தேன். விசாரிக்க வந்தவர்கள் மல்லித்தண்ணி குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன்.

அழாமல் மிச்சம் பிடித்த அழுகையை என்ன செய்வதென்று தெரியாமல் அதை ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டேன். அவள் பெயர் பியாட்றிஸ். அப்படி ஒருத்தி இல்லை. இருந்தாலும் இது அவளுடைய கதை.

2.

தொடக்கம், முதல் தடவை: வைகாசி வெயிலில் ரொமி முற்றத்து மாமரத்தின் கீழ்

[விட்டுவிட்டேன். கதையில் கிழட்டு நாய் மரத்தடியில் படுத்தாலே அது சாகப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.]

இரண்டாம் தடவை: யுத்தம் எல்லோருடைய வாழ்க்கையையும்

[இதுவும் வேண்டாம். யுத்தத்தை முதலில் உள்ளே விட்டால் நாய்க்கு இருக்க இடம் கிடைக்காது.]

மூன்றாம் தடவை: பியாட்றிஸ் வேணியர் இடுக்கிமானியால் கட்டியை அளந்தாள்.

இது பரவாயில்லை. பியாட்றிசுக்கு ஐம்பத்திரண்டு வயது, கலியாணம் கட்டவில்லை. வட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆய்வுகூட உதவியாளர். தொண்ணூறில் தெல்லிப்பழையை விட்டு ஓடிவந்தபோது சைக்கிள் கரியரில் ஒரு பெட்டி, பின்னால் நாக்கைத் தொங்கவிட்டு ஓடிவந்த ரொமி, இவ்வளவும்தான் அவளோடு வந்தவை. இரண்டு வருடம் கழித்து, ரொமியின் பதினோராவது வயதில், வயிற்றில் முலைக்காம்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பியாட்றிஸ் ஆய்வுகூடத்து இடுக்கிமானியை வீட்டுக்குக் கொண்டுவந்து சனிக்கிழமை தோறும் அளந்து ஒரு கொப்பியில் எழுதினாள். 2.4 சென்ரிமீற்றர். 3.1. 3.9.*

* அளக்கும்போது ரொமி அசையாமல் கிடக்கும். இதில் கற்பனை இல்லை. ஆனால் நான் அளந்தது தையல்காரரின் நாடாவால்.

3.

மிருக வைத்தியர் பஞ்சலிங்கம் கட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் இல்லாத காலம், ஆகவே நீண்ட நேரம் கழுவினார்.

"மிஸ், இது கான்சர்தான். வெட்டி எடுக்கலாம். ஆனா மயக்கிற மருந்து ஒண்டும் உள்ளுக்கு விடுறாங்களில்லை. உயிரோடை வெட்டச் சொல்லுறியளே?"

"அப்ப என்ன செய்யிறது?"

"மனிசருக்கே மருந்தில்லை, மிஸ்."

அவர் கெட்டவரல்ல. அதைச் சொல்லும்போது ரொமியின் காதைத் தடவிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டபிறகு வேறு யாரிடமும் போய்க் கேட்கப் பியாட்றிசுக்கு வாய் வரவில்லை.

4.

இனி அவள் செய்த பிழை. அவளுடைய தேவாலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனைக்கு முன் வாசலிலுள்ள பெட்டியில் விண்ணப்பச் சீட்டுப் போடலாம். எட்வேர்ட் போதகர் அந்தப் பெயர்களைத் தன் கொப்பியில் ஏற்றி ஞாயிறு தோறும் வாசிப்பார், சபை ஜெபிக்கும். வீட்டுக்காரர் வந்து "சுகம்" என்றோ "போய்விட்டார்" என்றோ சொல்லும்வரை பெயர் கொப்பியில் இருக்கும்.

பியாட்றிஸ் எழுதினாள்: "ரொமி. சுகவீனம்." நாய் என்ற சொல்லை எழுதவில்லை.

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. ஒரு மில்லிமீற்றருக்குக்கூடப் பொய் சொல்லாத ஒருத்தி சபையை ஏமாற்றுவாளா? மூன்று நாள் யோசித்தேன். கேட்பதற்கு வேறு இடம் இல்லாவிட்டால் ஏமாற்றுவாள்.]

இடம்பெயர்ந்து வந்தவள் என்பதால் அவள் வீட்டில் யார் யார் என்று சபையில் எவருக்கும் தெரியாது. அந்த ஞாயிறு ரொமிக்காக நூற்றிருபது பேர் கண்ணை மூடினார்கள். பியாட்றிஸ் மட்டும் மூடவில்லை.

5.

கொப்பியில் ரொமிக்கு நேர்மேலே இருந்த பெயர் சிமியோன், அருமைநாயகியின் மகன். கடலேரியைக் கடக்கக் கிளாலியில் வள்ளம் ஏறிப் பதினாலு மாதம், ஒரு தகவலும் இல்லை. அவனுக்கு மேலும் கீழும் வந்த நோயாளிகள் சுகப்பட்டோ செத்தோ கொப்பியை விட்டுப் போய்விட்டார்கள். அவன் பெயர் மட்டும் அங்கேயே கிடந்தது.

நாலாம் ஞாயிறு தேவாலய வாசலில் அருமைநாயகி பியாட்றிசை மறித்தாள்.

"ரொமி எண்டது ஆர்? உங்கடை அக்காவின்ரை பிள்ளையே?"

"என்னோடைதான் இருக்கிறா."

"எத்தினை வயசு?"

"பதினொண்டு."

"ஐயோ, பச்சைப்பிள்ளை." அருமைநாயகி பையிலிருந்து ஒரு குளுக்கோஸ் பெட்டியை எடுத்தாள். "இதைக் கரைச்சுக் குடுங்கோ. சிமியோன் வந்தால் களைச்சுப்போய் வருவான் எண்டு வைச்சிருந்தனான். அவன் வரேக்கை பாப்பம்."

பொருளாதாரத் தடைக்குள் ஒரு பெட்டி குளுக்கோஸ். வேண்டாம் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பியாட்றிஸ் வாங்கிக்கொண்டாள்.

6.

ரொமி பிறகு சோறு தின்னவில்லை, குளுக்கோஸ் தண்ணியை மட்டும் பியாட்றிசின் உள்ளங்கையிலிருந்து நக்கிக் குடித்தது. கடைசி அளவு 5.8. வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூட மணிக்கு முன்பே, செத்துவிட்டது. பியாட்றிஸ் கிணற்றடிக்குப் பின்னால் தானே குழி வெட்டித் தாட்டாள். பிறகு இடுக்கிமானியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய் அதன் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியை மூடியபோதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. கந்தகப் புகை கண்ணில் பட்டுவிட்டதென்று மாணவிகளிடம் சொன்னாள்.

[என்னுடைய மல்லித்தண்ணி நினைவிருக்கிறதா? அதுதான் இது.]

7.

ஞாயிறு வருகிறது. போதகர் மறுபடியும் ரொமிக்காக ஜெபிக்கச் சொல்லுவார், ரொமியோ கிணற்றடியில். முடிவுகள்:

அ) பியாட்றிஸ் போதகரிடம் இரகசியமாகச் சொல்ல, அவர் பெயரை வெட்டிவிடுகிறார். ஒருவருக்கும் நோகாது. எனக்கு மட்டும் நோகிறது. குளுக்கோஸ் பெட்டிக்கு யார் பதில் சொல்வது?

ஆ) "நாய் எண்டு எனக்கு முதலே தெரியும்" என்று அருமைநாயகி சிரிக்கிறாள். நல்ல சுகமான முடிவு. என்னை நானே தேற்றிக்கொள்ள எழுதியது. கிழித்துவிட்டேன்.

இ) சனிக்கிழமை பின்னேரம் பியாட்றிஸ் அருமைநாயகி வீட்டுக்குப் போகிறாள். மிச்சக் குளுக்கோசைக் கதிரையில் வைக்கிறாள்.

"அக்கா, ரொமி செத்துப்போச்சு. அது பிள்ளையில்லை. என்ரை நாய்."

அருமைநாயகி பெட்டியைக் கையில் எடுத்தாள். திறந்தாள். பாதிக்குமேல் முடிந்திருந்தது.

"நாய்க்கோ குடுத்தனீங்கள்?"

"ஓம், அக்கா."

"என்ரை பிள்ளைக்கு வைச்சிருந்ததை."

"ஓம்."

"குடிச்சதோ?"

"கடைசியாய்க் குடிச்சது அதுதான்."

அருமைநாயகி பெட்டியை மூடினாள். எழும்பிப்போய் அலுமாரியில், முதல் இருந்த இடத்திலேயே வைத்தாள். திரும்பாமலே கேட்டாள்:

"பேரை வெட்டச் சொல்லப்போறியளே?"

"நாளைக்குப் போதகரிட்டைச் சொல்லவேணும்."

"வெட்டினால் அவன்ரை பேர் திரும்பவும் தனிய நிக்கும்."

8.

கடைசி வசனம் அவள் சொன்னதா, நான் சொல்லவைத்ததா என்று இன்னும் தெரியவில்லை. அதில் மன்னிப்பு இருக்கிறதா என்பதும் தெரியாது. கதவடியில் நின்று பியாட்றிஸ் என்ன பதில் சொன்னாள் என்று நாலு விதமாக எழுதிப் பார்த்தேன், நாலும் பொய்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன். பியாட்றிஸ் மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள், அருமைநாயகி அவளுக்கு முன்வாங்கில். எட்வேர்ட் போதகர் கொப்பியைத் திறந்து "சிமியோன்" என்று வாசித்துவிட்டார். விரல் அடுத்த வரிக்கு இறங்குகிறது. அங்கே பெயர் வெட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதை நான் எழுதப்போவதில்லை, கொப்பியை உங்களிடம் தருகிறேன்.

தருமுன் ஒன்று. கதைக்காக ஆட்கள், ஊர், வருடம் எல்லாவற்றையும் மாற்றினேன். நாயின் பெயரை மட்டும் மாற்ற என்னால் முடியவில்லை. வாசிப்பதென்றால் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள்.