கண் திறக்காத பிள்ளையாருக்கு வந்த கூட்டம்

எங்கள் பட்டறைக்கு முன்னால் முதல் டூரிஸ்ட் பஸ் நின்றபோது, வழி தவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். திருமுருகன்பூண்டியில் கல் கொத்துவதைப் பார்க்க யாராவது காசு கொடுத்து வருவார்களா? வந்தார்கள். அவினாசி கோயில், பூண்டி கோயில், சிலைப் பட்டறை, கடைசியில் திருப்பூரில் பனியன் ஷாப்பிங் என்று ஒருநாள் சுற்றுலா போட்டவன் ராஜ்கமல். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தான். அங்கே துணி அளந்தவன், இப்போது மைக்கைப் பிடித்துக் கதை அளக்கிறான்.

ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி செதுக்கிய நந்தி மேல் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுப்பார்கள். பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டே நேராக என் சமையலறைக்குள் நுழைவார்கள். என் புருஷன் முருகேஷ் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நாலு பேரைப் பார்த்தால் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற மனுஷன். நான்தான் கத்துவேன். கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, கடைசியில் வாசலில் எலுமிச்சை சோடாக் கடை போட்டுவிட்டேன். அதற்கப்புறம் கூட்டம் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

வினை பிள்ளையாரால் வந்தது. மங்கலத்தில் தறி ஓட்டுகிறவர்கள் சேர்ந்து கட்டிய புதுக் கோயிலுக்கு என் புருஷன் செய்த மூலவர். பல வருஷம் அடுத்தவர் பட்டறையில் கூலிக்குச் செதுக்கியவருக்குத் தன் பெயரில் வந்த முதல் மூலவர். கண் மட்டும்தான் பாக்கி. அதைக் கோயிலில் வைத்து, கும்பாபிஷேகத்துக்கு முன்னால்தான் திறப்பார்கள். அதுவரை அது கல். பூ கிடையாது, பூசை கிடையாது. பூண்டியில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தெரியுமா?

கரூரிலிருந்து வந்த ஓர் அம்மா அதற்குக் குங்குமம் வைத்து, மகளுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அடுத்த மாதமே இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார். நிச்சயம் ஆகிவிட்டதாம். ராஜ்கமலுக்கு இது போதாதா? கேட்டது கிடைக்கும் பிள்ளையார் என்று மைக்கில் சொல்லிவிட்டான். அருகம்புல் மாலை என்ன, சூடம் என்ன! நான் துடைக்கத் துடைக்கப் பூசினார்கள்.

"ஏப்பா, உனக்கு வாய் சும்மாவே இருக்காதா?" என்று அவனைப் பிடித்தேன்.

"அக்கா, சனம் ஆசையாக் கும்பிடுது. வேணாம்னு நான் எப்புடிக்கா சொல்றது?"

முருகேஷுக்குச் சோறு இறங்கவில்லை. வேறிடத்தில் பூசை வாங்கிய சிலையை எந்த ஊரும் ஏற்காது. இது திரும்பிவிட்டால், அடுத்த மூலவரை இவரை நம்பி யார் கொடுப்பார்கள்? வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகக் கோயில் கமிட்டித் தலைவர் மருதாசலம் போன் செய்திருந்தார். முந்தின நாளே சிலையைத் தேய்த்துக் கழுவினேன். நாளைக்கு இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று ராஜ்கமலிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

காட்டினான். மருதாசலமும் நாலு தறிக்காரர்களும் சரக்கு வண்டியில் வந்து இறங்கவும், அவன் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கல்யாணப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கரூரம்மா முதல் ஆளாக இறங்கினார். நான் தடுப்பதற்குள் கூட்டம் பிள்ளையாரைச் சூழ்ந்து, சூடத்தையும் கொளுத்திவிட்டது.

மருதாசலத்தின் முகம் சுருங்கியது. "ஏனுங்க முருகேசு, பூசை பண்ணிப்போட்ட சாமியவா எங்களுக்குத் தர்றீங்க?"

என் புருஷன் உளியோடு நந்திக்குப் பின்னால் போய் ஒதுங்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஆத்திரம்! சோடாக் கடை வாளியைத் தூக்கி வந்து பிள்ளையார் தலையில் ஒரே ஊற்றாக ஊற்றினேன். சூடம் அணைந்தது. கரூரம்மாவின் பட்டுச்சேலையும் நனைந்தது.

"வந்து தொட்டுப் பாருங்க. கண்ணு எங்கீங்க? வெறுங் கல்லுங்க இது! இவங்க வேண்டுனத யாருங்க பாத்தா?"

மருதாசலம் தடவிப் பார்த்தார். கண் இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் கரூரம்மா விடுவதாயில்லை.

"அப்ப எம் புள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துக் குடுத்தது யாருங்க?"

என் வாதம் என் கண்முன்னாலேயே கவிழ்ந்தது. மருதாசலத்தின் விரல் கல்லிலேயே நகர்ந்து, பக்கவாட்டில் போய் நின்றது. முறம் போல அகலமான காது. மடிப்பு மடிப்பாக என் புருஷன் செதுக்கியது. மருதாசலத்தின் மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு.

"கண்ணுதானுங்க இல்ல. காத முழுசா வெச்சுப்போட்டாரே! எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்திருக்கறாரு!"

"அப்ப எடுத்துக்குவீங்களா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மந்திரஞ் சொன்னாத்தான் அம்மிணி பூசை. இவங்க சொன்னது ஊட்டுக் கஷ்டம். தறிச் சத்தத்துல எங்கூர்ல பாதிப் பேருக்குக் காது மந்தம். சாமிக்காச்சும் நல்லாக் கேக்கட்டுமே!"

பட்டறையே சிரித்தது. கல்யாணப் பெண் அதிகமாகச் சிரித்தாள்.

பலகையைச் சாய்த்து, கயிறு கட்டி, நாலு தறிக்காரர்களும் இழுத்தார்கள். பிள்ளையார் அசையவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். நந்தி மேல் உட்கார்கிற, என் சமையலறைக்குள் நுழைகிற, நான் திட்டித் தீர்க்கிற அதே கூட்டம்தான். அவர்கள் இழுத்துத்தான் பிள்ளையார் வண்டியேறினார். கண் திறக்கிற அன்றைக்கும் எல்லாரும் வந்துவிட வேண்டும் என்றார் மருதாசலம். ராஜ்கமல் மைக்கை எடுத்து, பனியன் ஷாப்பிங் கேன்சல், பஸ் இப்போதே மங்கலம் போகிறது என்று அறிவித்தான். ஒரே விசில்.

முருகேஷ் பிள்ளையாரை அணைத்துக்கொண்டு வண்டியின் மேல் நின்றார். அத்தனை ஜனமும் பார்க்க, தெருவே கேட்கும்படி கூப்பிட்டார்.

"செல்வி! இன்னும் என்ன பாத்துட்டு நிக்கற? வா, ஏறு!"

இந்த மனுஷனுக்கு இவ்வளவு பெரிய குரலா? எனக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடையைக்கூடச் சாத்தாமல் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.