எண்ணூறு மீற்றர், பெண்கள், பதினாறு வயதுக்குக் கீழ்

மதுஜா ஓடியதை அவளுடைய அப்பா பார்க்கவில்லை. அன்று 2017 ஜூலையின் முதல் ஞாயிறு. அப்பா தவராஜாவுக்குச் சுவிஸின் பாடன் நகரத் தொழிற்சாலையில் பகல் சிஃப்ற். பதினைந்து வயது மகள் எண்ணூறு மீற்றரை முதலாவதாக ஓடி முடித்து, கோட்டைத் தாண்டி நாலைந்து அடி நடந்து, புல்லில் குந்தி, குந்தியபடியே சரிந்துபோனாள். பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஒரு பழுது இருந்ததென்றும் அது எவர் கண்ணிலும் பட்டிருக்காதென்றும் டாக்டர்மார் சொன்னார்கள். யாரிலும் பிழையில்லை என்று எழுதியும் கொடுத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் காரியம் ஓகஸ்ட் முதலாந் திகதி வந்தது. சுவிஸ் தேசிய தினம். பட்டப்பகலிலேயே பிள்ளைகள் தெருவில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் வீட்டுக்குள் இருந்தவர்கள் ஒருகணம் கதையை நிறுத்தினார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிப் போன பிறகு, தவராஜா, போட்டியை நடத்திய சங்கத்துப் பெண் வேணுகாவை அழைத்துக் குசினிக் கதவைச் சாத்தினார்.

“பிள்ளை, உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். நீர்தானே சட்டதிட்டம் தெரிஞ்ச ஆள்.”

மனைவி சிவகலாவின் ஃபோனை மேசையில் வைத்தார். அதில் பதினொரு வினாடி வீடியோ. தொடக்கக் கோட்டருகே மதுஜா காலை உதறுகிறாள், தலைமயிரை இறுக்கிக் கட்டுகிறாள், யாரையோ பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள். பிறகு படம் ஆடுகிறது. குறுக்கே ஒரு கை வருகிறது. முடிந்துவிடுகிறது. அந்தக் கை வேணுகாவினுடையது.

“இதை நாங்கள் வைச்சிருக்கலாமோ?”

“என்ன மாமா கேக்கிறீங்கள்?”

“இல்லை, அழிக்கச் சொல்லிக் கடிதம் வந்ததல்லே.”

கடிதங்களைத் துளையிட்டுக் கோக்கிற தடித்த கோப்பை எடுத்துப் பிரித்தார். ஆஸ்பத்திரிக் கடிதத்துக்கும் மயானக் கடிதத்துக்கும் நடுவில் அது இருந்தது. ஜேர்மன் மொழியில் ஒரு பக்கம். உரிமை பெற்ற நிறுவனம் தவிர்ந்த எவரும் எடுத்த ஒளிப்பதிவுகள் பத்து நாட்களுக்குள் அழிக்கப்பட வேண்டும். தவறினால் பொலிசில் குற்றமுறைப்பாடு செய்யப்படும். வேணுகா அதை வாசிக்கத் தேவையில்லை. எழுதியவளே அவள்தான்.

“வைச்சிருங்கோ மாமா. அது உங்கட.”

“எழுத்தில தருவினமோ?”

“நான் வாங்கித் தாறன்.”

“அப்ப மற்றதையும் கேட்டு வாங்கித் தாரும். முழு ஓட்டத்தையும். கொம்பனிக்காரர் எடுத்திருப்பினம்தானே? சிவகலாட்டைக் கேட்டால் எழும்பிப் போய்ப் பாத்ரூமில தண்ணியைத் திறந்துவிடுறாள். எனக்கு என்ர பிள்ளை எப்பிடி ஓடினவள் எண்டு ஒருக்காப் பாக்கவேணும். விழுந்தது வேண்டாம். ஓடினது மட்டும் காணும்.”

வேணுகா ஓம் என்று தலையாட்டினாள். வேறென்ன செய்வது?

அவள் சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் பிறந்தவள். அவளுடைய அப்பா படித்த புளியடி மத்திய கல்லூரியைப் படத்தில்தான் கண்டிருக்கிறாள். ஆனால் அந்தக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் சுவிஸ் கிளையில் விளையாட்டுப் பிரிவுக்கு அவள்தான் செயலாளர். ஃபாஹோக்ஷூல என்கிற தொழில்சார் பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் படித்தபோது, அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுப் பிரிவுகளைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதினாள். அங்கே கல்லூரிகள் ஒளிபரப்பு, விளம்பரப் பலகை, படங்கள், இணையத்தளம் என்று எல்லா உரிமைகளையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிடுகின்றன. விற்றபின் அவர்களுக்குத் தலையிடி இல்லை. வருடாவருடம் உறுதியான ஒரு தொகை வந்து சேரும். வேணுகாவுக்கு அது அழகான ஏற்பாடாகத் தெரிந்தது. வருடத்தில் ஒருநாள் விளையாட்டுப் போட்டி வைக்க மைதான வாடகைக்கே வீடுவீடாகப் போய்க் கேட்கிற சங்கம் எங்களுடையது, இதை நாங்களும் செய்தாலென்ன என்று கூட்டத்தில் எழும்பிக் கேட்டாள்.

“மூண்டு கூடாரமும் ஒரு ரோல்ஸ் கடையும். இதுக்கு மீடியா உரிமையோ?” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

தலைவர் தில்லைநாதன் மட்டும் சிரிக்கவில்லை. “அமெரிக்கன் யுனிவேர்சிற்றிக்காரன் விசரனே? பிள்ளை படிச்சுப்போட்டுச் சொல்லுறாள். கேளுங்கோ.”

சூரிச்சில் தமிழ் இணையத் தொலைக்காட்சி நடத்தும் தயாநிதி வாங்க முன்வந்தார். ஒப்பந்தத்தை வேணுகா எழுதினாள். தனியுரிமை இல்லாவிட்டால் பண்டத்துக்கு விலை இல்லை என்று படித்திருந்தாள். ஆகவே வேறு எவரும் படம் பிடிக்கக்கூடாது என்று ஒரு பிரிவு வைத்தாள். மீறியவர்களுக்கு அனுப்பவென்று கடிதமும் முன்கூட்டியே எழுதிவைத்தாள். குற்றமுறைப்பாடு என்ற சொல் ஏதோ ஒரு மாதிரிக் கடிதத்திலிருந்து வந்தது. கடிதம் என்றால் அப்படித்தான் முடியும் என்று நினைத்தாள்.

லிம்மாற் ஆற்றங்கரை மைதானத்தில் அன்று முழுவதும் நீல மேலங்கி போட்டுக்கொண்டு பார்வையாளர் வாங்குகளுக்கிடையே அவளே நடந்தாள். சிவகலா ஃபோனை உயர்த்தியிருந்தாள்.

“பிள்ளையின்ர அப்பா வேலையில, வேணு. அவருக்குக் காட்டத்தான்.”

“மாமி, கொம்பனி இதைவிட வடிவா எடுக்கும். உங்களுக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும்.”

அப்போதுதான் அந்தக் கை. அது நடந்து மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தயாநிதியின் அலுவலகம், ஏற்கெனவே குறித்து வைத்திருந்த நாளில், மீறியவர் யாரென்று பாராமல், பிள்ளைகளைப் பதிந்திருந்த அத்தனை குடும்பங்களுக்கும் கடிதத்தைத் தபாலில் போட்டது. நிறுத்தவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வேணுகாவுக்கும்தான்.

தயாநிதி கெட்ட மனிதர் அல்ல. செத்தவீட்டில் கடைசிவரை நின்றவர். பதினொரு வினாடிக்கு எழுத்தில் அனுமதி கேட்டதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே அடித்துக் கையெழுத்து வைத்து முத்திரையும் குத்தித் தந்தார். முழு ஓட்டத்தைக் கேட்டபோது நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“அது இல்லையே, தங்கச்சி.”

“இல்லையெண்டால்?”

“எங்களட்ட ரெண்டு கமரா. அந்த நேரம் ரெண்டும் உதைபந்தாட்ட அரையிறுதியில நிண்டது. லண்டனில இருந்து கனடாவரை லைவ் பாத்தது சனம். சின்னப் பிள்ளையளின்ர ஓட்டத்தை ஆர் பாக்கிறது?”

“அப்ப அதையும் ஏன் வாங்கினனீங்கள், அண்ணை?”

“வாங்கிறது வேற, எடுக்கிறது வேற. முழுக்க வாங்கினாத்தான் மற்றவன் எடுக்கமாட்டான். நீர்தானே அப்பிடி எழுதினீர்? வடிவா எழுதியிருந்தீர்.”

திரும்பும் வழியெல்லாம் அந்த ‘வடிவா’ காதுக்குள் நின்றது. வீட்டுக்கு வந்து சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: மதுஜாவின் ஓட்டத்தை யாராவது ஃபோனில் எடுத்திருந்தால் தயவுசெய்து தரவும், ஒரு பிரச்சினையும் வராது. நூற்றெழுபது பேர் பார்த்ததாகக் காட்டியது. முப்பது பேர் கும்பிடுகிற கையை அனுப்பினார்கள். எடுத்ததாக ஒருவரும் சொல்லவில்லை. நூற்றெழுபது தமிழர் நிற்கிற இடத்தில் ஒருவரும் ஃபோனைத் தூக்கவில்லை என்பதை நம்ப அவள் குழந்தை அல்ல. தில்லைநாதன் ஃபோன் எடுத்து, “உதை ஏன் இப்ப கிளறுறீர்?” என்றார்.

ஒரு கிழமை கழித்து ஞானேஸ்வரி அக்காதான் தனியாக அழைத்தாள். போட்டியன்று சிவகலாவுக்குப் பக்கத்தில் இருந்தவள்.

“நான் சொன்னன் எண்டு சொல்லாதையும். பச்சைத் தொப்பி போட்ட ஒருத்தர், பிரெஞ்சுப் பக்கத்து ஆள், பத்மநாதன் எண்டு. நீர் வரேக்க ஃபோன் தொப்பிக்குள்ள, நீர் போகத் தொப்பி மடியில, ஃபோன் கையில. கள்ளன் மாதிரிக் கிடந்தது, எனக்குச் சிரிப்பு. தொடக்கத்தில இருந்து முடியுமட்டும் எடுத்தவர். அவற்ர மகளும் அந்த ஓட்டத்திலதான்.”

பத்மநாதன் இருப்பது லா ஷோ-து-ஃபோன் என்கிற மலைநகரத்தில். சனிக்கிழமை காலை பீல் நிலையத்தில் ரயில் மாறி மலையேறினாள் வேணுகா. ஓகஸ்டிலும் அங்கே குளிர்ந்தது. கோடு போட்டுக் கீறினதுபோல் நேரான தெருக்கள். எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் முடிவில் அதே பச்சை மலை. கதவைத் திறந்தவர் அவளைக் கண்டதும் கைப்பிடியை விடவில்லை. கைக்கடிகாரக் கூடுகளை மினுக்குகிற வேலை. நகக்கண்களில் கருமை ஏறியிருந்தது.

“நான் ஒண்டும் எடுக்கேல்லை, பிள்ளை.”

“அங்கிள், நான் கொம்பனிக்காக வரேல்லை. அந்தப் பிள்ளையின்ர அப்பாவுக்காக வந்தனான்.”

“எடுக்கேல்லை எண்டுறன்.”

உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது. “எடுத்தவர். பொய் சொல்லாதேங்கோ அப்பா.”

அது மாயா. அந்த ஓட்டத்தில் நாலாவதாக வந்தவள். பத்மநாதன் கைப்பிடியை விட்டார். பிறகு வழிவிட்டார்.

“இருங்கோ,” என்றார். தான் இருக்கவில்லை. “எடுத்தனான்தான். அழிச்சுப்போட்டன்.”

வேணுகா கதிரை நுனியில் இருந்தாள்.

“கடிதம் வந்தது. ஜேர்மன் பாசையில. எனக்கு விளங்கேல்லை. வேலையில ஒருத்தனட்டைக் காட்டினன். அவன் வாசிச்சுப்போட்டு, பத்மா, இது பொலிசுக் கேஸ் எண்டான். எனக்குச் செப்ரம்பரில சிற்றிசன் இன்ரவியூ. தை மாதம் குடியுரிமைக்குப் புதுச் சட்டம் வருகுது, இப்ப விட்டால் பிறகு ஆர் கண்டது? இருபத்தியாறு வரிசமா ஒரு ரயில் ரிக்கற் பிழை இல்லாமல் இருந்தனான். ஃபோனில அழிச்சன். அழிச்சாலும் உள்ளுக்க இருக்குமாம் எண்டாங்கள். ஃபோனையே முழுசா வெறுமையாக்கினன்.”

“நான் குழுவில எழுதினனே அங்கிள், பிரச்சினை வராது எண்டு. அப்பவாவது நடந்ததைச் சொல்லியிருக்கலாமே. மாமாவுக்கு ஒரு முடிவாவது தெரிஞ்சிருக்கும்.”

“நீர் எழுதினீர்,” என்றார் பத்மநாதன். இப்போது அவளை நேராகப் பார்த்தார். “கடிதத்திலயும் உம்மட பேர், குழுவிலயும் உம்மட பேர். ஒருநாள் வைச்சிருந்தால் பொலிஸ், மற்ற நாள் வைச்சிருந்தால் தாங்கோ. நான் என்னத்தை நம்புறது? ஆர் படம் எடுத்தது எண்டு விசாரிச்சுக்கொண்டு வந்தால், எடுத்தவன் கையைத் தூக்கிற ஊரில இருந்தே நாங்கள் வந்தனாங்கள்?”

மாயா சுவரோடு சாய்ந்து நின்றாள். “வேண்டாம் எண்டு நான் அழுதனான்,” என்றாள் வேணுகாவிடம். “அதில மதுஜா கடைசிவரைக்கும் இருந்தவள். எனக்கு முன்னால.”

பத்மநாதன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அது ஆறுமட்டும் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தநாள் மத்தியானம் அவள் பாடனில் தவராஜா வீட்டுக்குப் போனாள். வழியில் பல பொய்கள் வந்து வரிசையில் நின்றன. கமரா பழுதாகிவிட்டது, கொம்பனிக் கணினி எரிந்துவிட்டது. அவற்றில் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை. தவராஜா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, ஃபோனைத் தொலைக்காட்சியோடு இணைக்கிற வயரையும் வாங்கிவைத்துக் காத்திருந்தார். சிவகலா அறைக்குள் படுத்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

வேணுகா தயாநிதியின் முத்திரைக் கடிதத்தை முதலில் கொடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கமராக்கள் எங்கே நின்றன என்பதை, பத்மநாதன் அழித்ததை, அழிக்கவைத்த கடிதத்தை யார் எழுதியது என்பதை. தவராஜா முத்திரைக் கடிதத்தைக் கோப்பில் கோத்தார். துளைகள் சரியாக விழுந்தனவா என்று இரண்டுதரம் பார்த்தார்.

“எனக்குத் தெரியும், நீர் எழுதினதெண்டு,” என்றார். “கீழ பேர் இருந்தது.”

வேணுகா அழத்தொடங்கினாள். அவர் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை.

“சரி. நீர் அங்கதானே நிண்டனீர்? நீர் சொல்லும். எப்பிடி ஓடினவள்?”

“நான் பாக்கேல்லை, மாமா.”

“பாக்கேல்லையோ?”

“மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டனான். சனத்தைத்தான் பாத்தனான். ஆர் ஃபோன் பிடிக்கினம் எண்டு.”

தவராஜா கோப்பை மூடி வைத்தார். பிறகு, அலுவலகக் கவுண்டரில் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்:

“அப்ப சனம் எப்பிடி இருந்தது?”

அவள் முகத்தைத் துடைத்தாள். யோசித்தாள். அது அவளிடம் இருந்தது.

“முதல்ல ஒருத்தரும் பாக்கேல்லை. சோத்துப் பாசல் பிரிச்சுக்கொண்டு இருந்தவை. பிறகு ஞானேஸ்வரி அக்கா கையில எடுத்த சோத்தை வாயில வைக்காமல் அப்பிடியே வைச்சிருந்தவ. ஒரு ஐயா பக்கத்தில இருந்தவருக்குக் கையைக் காட்டினார். எல்லாற்ற தலையும் சேர்ந்து திரும்பத் தொடங்கிச்சுது.”

“எங்கால இருந்து எங்கால?”

“இடப்பக்கத்தில இருந்து.”

“கெதியாவோ?”

“முதல் சுத்து மெல்ல. ரெண்டாவது சுத்தில கெதியா. எல்லாரும் எழும்பிட்டினம். மாமி வாங்கில ஏறி நிண்டவ.”

“சிவகலாவோ? வாங்கிலயோ?” அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. “என்ன சொல்லிக் கத்தினவள்?”

“விடாத, விடாத எண்டு.”

தவராஜா கதிரையில் நிமிர்ந்தார். இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். அங்கிருந்து மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

“இப்பிடியோ?”

“இன்னும் கெதியா, மாமா.”

“இப்பிடி?”

“ஓம். அப்பிடித்தான்.”

அவருடைய கண்கள் ஜன்னலைக் கடந்து, தொலைக்காட்சியைக் கடந்து, வலப்பக்கம் போய் நின்றன. அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது. பாதி திறந்த கதவுக்குப் பின்னால் சிவகலா எழும்பி உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்கு அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

“கை தட்டினவையோ?”

“எல்லாரும். பிறகு…”

“அதோட நிப்பாட்டும்,” என்றார் தவராஜா. திரும்பவும் இடப்பக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். “இன்னொருக்காச் சொல்லும். முதலில இருந்து.”