ஒரு தடவைதான் கேட்டான்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஒருத்தர் வீட்டுக்குப் போனால், "சாப்பிடுறீங்களா" என்று கேட்டதும் "சாப்பிடுறேன்" என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் காணாததைக் கண்டவர்கள் என்று பின்னால் பேச்சு வரும். முதல் தடவை கேட்கும்போது "வேணாங்க, இப்பதான் சாப்பிட்டேன்" என்று சொல்ல வேண்டும், வயிறு ஒட்டிக் கிடந்தாலும் சரி. இரண்டாவது தடவைக்கு "ஒங்களுக்கு எதுக்குங்க செரமம்" என்று கொஞ்சம் இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு எத்தனை தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாலும் ஒரு குற்றமும் இல்லை.

இந்த மரியாதையில் மீனம்மாவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறவள். கல்யாணவீடோ கருமாதிவீடோ, எங்கே போனாலும் முதல் இரண்டு தடவையும் "வேணாம்" சொல்லாமல் அவள் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடித்ததில்லை. அந்தப் பழக்கம்தான் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் நிரோஷனுடைய கல்யாணத்தில் அவள் காலை வாரிவிட்டது.

ஹட்டனில் மண்டபம் எடுத்துப் பெண் வீட்டார் நடத்திய கல்யாணம். பந்தியில் நல்ல இடத்தில் மீனம்மாவை உட்காரவைத்தார்கள். மருமகள் கௌசியின் அம்மா வீரம்மா தானே வாளியைத் தூக்கிக்கொண்டு பாயாசம் ஊற்ற வந்தாள். "பாயாசம் ஊத்தட்டுங்களா?" என்றாள். மீனம்மா வழக்கம்போல "வேணாங்க" என்றாள். வீரம்மாவும் "சரிங்க" என்றுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். சும்மா போகவில்லை, அடுத்த இலையில் இரண்டு கரண்டி ஊற்றினாள்! முந்திரிப் பருப்பு மிதந்த பாயாசம் அது. திரும்பி வருவாள், வந்து கேட்பாள் என்று மீனம்மா இலையை மடிக்காமல் காத்திருந்தாள். பந்தியே எழுந்து கைகழுவப் போய்விட்டது. வீரம்மா வரவில்லை.

மாப்பிள்ளையைப் பெற்றவளுக்குப் பாயாசம் இல்லை. இதை வெளியே சொல்ல முடியுமா? பாயாசத்துக்கா இந்தப் பாடு என்று ஊரே சிரிக்கும். அதனால் மீனம்மா "அவங்க வீட்டுல மரியாத தெரியாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு, "இனி அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சபதமும் போட்டுவிட்டாள். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. வீரம்மாவும் ரோஷக்காரி. வருத்தம் என்ன என்று கேட்டு ஆளனுப்பவும் இல்லை, கூப்பிட்டுப் பேசவும் இல்லை.

இப்போது கௌசிக்கு ஏழு மாதம். வருகிற வெள்ளிக்கிழமை வீரம்மா வீட்டில் வளைகாப்பு. அதை விட்டால் எட்டாம் மாதம் பிறந்துவிடும், அதில் வளைகாப்புக்கு நல்ல நாள் கிடையாது. முதல் வளையலை மாமியார்தான் போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கௌசி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்: "அத்த வந்து போடாம நா கைய நீட்ட மாட்டேன். அவங்க வரலன்னா எனக்கு வளையலே வேணாம்." மருமகளுடைய வெறும் கையை நினைத்து மீனம்மாவுக்கு ராத்தூக்கம் போய்விட்டது. ஆனால் சபதம் போட்ட வாய், வீரம்மா வந்து ஒரு வார்த்தை கூப்பிடாமல் எப்படித் திறக்கும்?

இந்த நேரத்தில்தான் நிரோஷன் போன் பண்ணினான். "ஞாயித்துக்கெழம பகல் சாப்பாட்டுக்குக் கடைக்கு வாங்கம்மா. தொறந்து ரெண்டு மாசமாச்சு, நீங்க இன்னும் ஒரு வாய் சாப்பிடல."

நிரோஷன் கட்டாரில் ஐந்து வருஷம் ஹோட்டல் கிச்சனில் வேலை செய்தவன். அங்கே கற்றுக்கொண்டதை வைத்து ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் கடை போட்டிருந்தான். கடைக்குப் பேர் 'உங்க இஷ்டம்'. கொண்டைக்கடலையை ஊறப்போட்டு அரைத்துப் பொரிக்கிற பலாஃபெல்தான் முக்கியமான அயிட்டம். அதோடு சேர்த்துக்கொள்ள என்னவெல்லாமோ உண்டு. எது வேணும் எது வேணாம் என்று சாப்பிடுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

மீனம்மா நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, தலவாக்கலையில் பஸ் மாறி, பன்னிரண்டரைக்கு ஹட்டனில் இறங்கினாள். காலையில் வேண்டுமென்றே ஒன்றும் சாப்பிடவில்லை. மாடி ஏறினால் கடை நிறைந்து கிடக்கிறது. ஜன்னலோர மேசையில் ஒரு பழக்கப்பட்ட கொண்டை. வீரம்மா! முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மீனம்மா அப்படியே திரும்பிப் படியிறங்கியிருப்பாள், அதற்குள் கௌசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கத்த. லைன்ல நில்லுங்க, ஒங்க மகன் போட்டுத் தருவாரு."

"ஒங்கம்மா வர்றாங்கன்னு சொல்லவே இல்லியேம்மா."

"அவங்ககிட்டயும்தான் சொல்லல," என்று கௌசி கண்ணைச் சிமிட்டினாள். கர்ப்பிணிப் பெண்ணிடம் கோபப்படவா முடியும்? மீனம்மா போய் வரிசையில் நின்றாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பதினாலு எவர்சில்வர் ட்ரே. பொன்னிறத்தில் பலாஃபெல் குவிந்து கிடந்தது. கடலையை மாவாக அரைத்து மேலே எண்ணெய் ஊற்றிய ஹம்முஸ், எள்ளுச் சாறு, பூண்டு போட்ட தயிர், வெள்ளரிக்காய், தக்காளி, ஊறவைத்த பீட்ரூட், கோவா என்கிற முட்டைக்கோஸ் சீவியது, நுவரெலியா கரட், புதினா. கடைசியில் நம் ஆட்களுக்காக மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பலும் உண்டு. மீனம்மாவுக்கு நாக்கில் தண்ணீர் ஊறியது. எதிரே நிரோஷன் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு நின்றான். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், அவன் கை மெஷின் மாதிரி ஓடுகிறது.

"வாங்கம்மா! ரொட்டியா, சோறா?"

"எதுன்னாலும் சரிப்பா."

வட்ட ரொட்டி ஒன்று தட்டில் விழுந்தது.

"பலாஃபெல் வைக்கட்டா?"

"வேணாம்ப்பா," என்றாள் மீனம்மா, இரண்டாவது கேள்விக்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டு.

"சரிம்மா. ஹம்முஸ்?"

மீனம்மாவுக்குத் திக்கென்றது. இது என்ன, அடுத்ததுக்குப் போய்விட்டானே? சரி, கடைசியில் திரும்பி வருவான் என்று நினைத்துக்கொண்டாள். "அதும் வேணாம்."

"தக்காளி?"

"இருக்கட்டும்ப்பா."

"பீட்ரூட்? கோவா? தயிர்?"

வேணாம், வேணாம், எதுக்கு செரமம். ஐந்து வருஷம் வேலை பார்த்த இடத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் கரண்டி அசையக் கூடாது. அது பெற்ற தாயிடமும் அசையவில்லை. பதினாலு ட்ரேயும் முடிந்துவிட்டது. தட்டில் வெறும் ரொட்டி மல்லாந்து கிடந்தது.

"அவ்வளவுதானாம்மா? ஒடம்புக்கு ஏதும் சொகமில்லியா?" என்று கேட்டுக்கொண்டே தட்டைக் கையில் கொடுத்தான் படுபாவி. பின்னால் நின்ற த்ரீவீல்காரர் ஒருவர், "தம்பி, எனக்கு எல்லாத்தையும் போடு, சம்பல் ரெண்டு தரம்," என்று கூசாமல் சொன்னார். அவர் தட்டு கோபுரமாக எழும்பியது. மனுஷனுக்கு வெட்கமே இல்லையே என்று மீனம்மா நினைத்தாள், கூடவே ஒரு பொறாமையும் வந்தது.

உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் காலி. வீரம்மாவுக்கு எதிர் நாற்காலி. இது கௌசியின் வேலை என்று சொல்லத் தேவையில்லை. மீனம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே பஸ்கள் ஹாரன் அடித்தன. சம்பந்திகள் இரண்டு பேரும் அந்த பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம்தான் பஸ்ஸைப் பார்ப்பது? மீனம்மாவின் கண் மெல்ல எதிர்த் தட்டுக்குப் போனது.

அங்கேயும் வெறும் ரொட்டி. அதன் மேல் ஒரே ஒரு வெள்ளரிக்காய்த் துண்டு.

வீரம்மாவும் இந்தத் தட்டைப் பார்த்துவிட்டாள். முதலில் வாயைத் திறந்தது அவள்தான். "ஒங்களுக்குமா?"

"வேணாம்னு சொன்னேன்," என்றாள் மீனம்மா.

"நானுந்தான் சொன்னேன். மாப்பிள்ள சரின்னுட்டாரு."

"வெள்ளரிக்கா மட்டும் எப்புடிக் கெடச்சது?"

"அது பக்கத்துத் தட்டுலருந்து தவறி விழுந்தது."

மீனம்மா சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அவளுடைய தோள் குலுங்கியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"எம் மகங்க! பத்து மாசம் சொமந்து பெத்த மகன். ஒரு தடவதான் கேட்டான்!" என்று மீனம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

சொன்ன வாய் அப்படியே நின்றது. ஒரு தடவைதான் கேட்டான். அவன் மேல் கோபம் வந்ததா? இல்லையே. பாவம், பின்னால் பத்துப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் அன்றைக்கு அந்த மண்டபத்தில் வீரம்மாவுக்கு முன்னால் எத்தனை இலை காத்திருந்தது? மகளைக் கட்டிக்கொடுக்கிற நாளில், வேர்த்து விறுவிறுத்து, தானே வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றவள். மீனம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒன்றரை வருஷ வெட்கம், மொத்தமாக வந்தது.

"சம்பந்தி," என்றாள். கூப்பிட்டு ஒன்றரை வருஷம் ஆன வார்த்தை. "கல்யாணத்தன்னைக்கு நீங்க பாயாசம் ஊத்த வந்தீங்க. நா வேணாம்னேன். நீங்க போயிட்டீங்க. அதுதாங்க."

வீரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "எதுதாங்க?"

"என் கோவம். வேற ஒண்ணுமில்ல. அதுதான்."

"பாயாசமா?" வீரம்மா மேசையில் கையை ஊன்றி எழுந்தே விட்டாள். "அட ஆண்டவனே! ஒங்க அண்ணனுக்கு மால போடாததுதான் கொறையின்னு நா நெனச்சேன். சேல நெறம் புடிக்கலியோன்னு நெனச்சேன். நெனச்சு நெனச்சு அழுதேன். பாயாசமாங்க?"

"முந்திரிப் பருப்பு மெதந்துச்சுங்க," என்றாள் மீனம்மா, சின்னக் குரலில்.

வீரம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் போனாள்.

"அத்த, இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது!" என்று நிரோஷன் பதறினான். "கையில க்ளவ்ஸ் இல்ல!"

"குடு." வளையல்களுக்கு மேலாலேயே ஒரு கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு அவன் கரண்டியைப் பிடுங்கினாள். "தள்ளி நில்லுங்க மாப்பிள்ள. பெத்தவளுக்கு வெறும் ரொட்டியக் குடுத்த ஆளு நீங்க, பேசக்கூடாது." அங்கிருந்தே கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள். "சம்பந்தி! வட வேணுங்களா?"

"வேணாங்க!" என்றாள் மீனம்மா, பழக்கதோஷத்தில்.

ஆறு பலாஃபெல் தட்டில் விழுந்தது.

"இந்தக் கடலத் தொவையலு?"

"ஒங்களுக்கு எதுக்குங்க செரமம்!"

இரண்டு கரண்டி. பீட்ரூட்டும் கோவாவும் தயிரும் அப்படியே வந்தன. ஒவ்வொரு "வேணாம்"க்கும் தட்டு உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் பசியை மறந்து சிரித்தார்கள். த்ரீவீல்காரர் வாயில் ரொட்டியோடு, "கட்டச் சம்பல விட்டுட்டீங்க அம்மா!" என்று ஞாபகப்படுத்தினார்.

சாப்பிட்டார்கள். பலாஃபெல்லைப் பிட்டால் உள்ளே கொத்தமல்லிப் பச்சை, வெளியே மொறுமொறுப்பு. பருப்பு வடையின் தூரத்துச் சொந்தம் என்று மீனம்மா தீர்ப்புச் சொன்னாள். எள்ளுச் சாறுதான் அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது, விரலை வழித்து நக்கினாள். கௌசி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் தட்டிலும் அத்தையின் தட்டிலும் மாறிமாறிப் பிடுங்கித் தின்றாள். அவளுடைய இரண்டு கையும் மேசை மேல் இருந்தன. ஒரு கயிறுகூட இல்லாத வெறும் கை.

வீரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். உட்காரவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு மீனம்மாவுக்கு முன்னால் நேராக நின்றாள்.

"சம்பந்தி, வெள்ளிக்கெழம எங்க வீட்டுல நம்ம புள்ளைக்கு வளையல் போடுறோம். பாயாசம் வைக்கிறேன். நீங்க வந்து மொத வளையலப் போடணும். வருவீங்களா?"

கௌசி மெல்லுவதை நிறுத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் நிரோஷனின் கரண்டியும் நின்றது. அம்மாவை அவனுக்குத் தெரியாதா? முதல் தடவை என்ன சொல்வாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"வர்றேங்க," என்றாள் மீனம்மா.

வீரம்மா திகைத்துப் போனாள். இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றவள் அவள். அதையெல்லாம் இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மீனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டாயம் வரணும்," என்றாள். அதோடும் விடவில்லை. "வருவீங்கதானே?" என்று இன்னொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.