இரண்டாவது ரிமோட்

என் தம்பி முகிலன் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்க்கா" என்பான். முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. முடியாது என்றால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். பார்க்கலாம் என்பவனை என்ன செய்வது? போன வருஷம் அவன் பார்த்துக்கொண்டே இருந்ததில்தான் என் பதவி உயர்வு கைநழுவிப் போனது.

விஷயம் இவ்வளவுதான். நான் குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினேழு வருஷ சர்வீஸ். புதிதாகத் திறக்கப்போகிற கிளைக்கு என்னைத் தலைமையாசிரியையாகப் போட நிர்வாகம் தயார். அதற்கு முன் நவம்பரிலிருந்து மூன்று மாதம் கோயம்புத்தூரில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அம்மா போய்விட்டாள். என் கல்யாணம் சரிப்படாமல் நான் திரும்பி வந்து ஒன்பது வருஷமாகிறது. அப்பாவுக்கு நாலு வருஷம் முன்பு பக்கவாதம் வந்து, இடது கை பாதிதான் வேலை செய்கிறது. தடி ஊன்றி நடப்பார். ஆனால் குளிக்க, வேட்டி கட்ட, மாத்திரை பிரிக்க ஆள் வேண்டும். அந்த மூன்று மாதம் மட்டும் முகிலன் அவரைப் புனேவில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனால் போதும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்பாவிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். முப்பது வருஷம் செங்கல், மணல் வியாபாரம் பண்ணி அதட்டியே பழகிய மனுஷன்.

"அவன் கூப்பிட்டா போறேன். கூப்பிடாத வீட்டுக்கு நான் போமாட்டேன்" என்றார்.

முகிலன் சனிக்கிழமை வந்தான். மேடவாக்கத்தில் நண்பன் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பிப் போக விமானம். சனிக்கிழமை இரண்டு தடவை பேச்செடுத்தேன். ஒருதரம் "பார்க்கலாம்க்கா". இன்னொருதரம் "கீதாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்க்கா". கீதா அவன் மனைவி.

"நான் போன வாரமே கேட்டுட்டேன். தாராளமா வரட்டும்னுட்டா" என்றேன்.

உடனே எழுந்துபோய்ப் பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்தான்.

"அக்கா, இத பாரு. நம்ம பழைய செட்டு மாதிரியே புதுசா வருது."

டிவி கேம் செட். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் இருந்ததைப் போலவே வெள்ளைப் பெட்டி, வயரோடு இரண்டு ரிமோட், மேலே சொருகுகிற கேசட். முகிலன் ஆறாம் வகுப்பு பாஸ் பண்ணியதற்கு அப்பா வாங்கித் தந்தார். அதே வருஷம் நான் எட்டாவதில் பள்ளிக்கே முதல். எனக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வந்தது. அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்றுதான் நினைக்கிறேன், எங்கே முடிகிறது.

எத்தனையோ கேம் இருந்தாலும் நாங்கள் திரும்பத் திரும்ப ஆடியது ஒன்றுதான். சட்டையில்லாத இரண்டு பேர் துப்பாக்கியோடு காட்டுக்குள் ஓடுவார்கள். கேசட்டில் ஒட்டியிருந்த பெயர் கிழிந்துபோனதால் அதற்குச் சட்டையில்லா கேம் என்று பெயர். மொத்தம் எட்டு கட்டம். ஆளுக்கு முப்பது உயிர். எந்தக் குண்டு எங்கிருந்து வரும் என்று மனப்பாடமாகத் தெரியும், இருந்தாலும் மறுநாள் சாயங்காலம் முதலிலிருந்து ஆரம்பிப்போம். சலித்ததே இல்லை. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

முதல் ரிமோட் எப்போதும் அவனுக்கு. இரண்டு வயது மூத்தவள் நான், இரண்டாவது எனக்கு. மூன்றாவது கட்டத்தில் அருவி மேல் ஏற வேண்டும். அவன் பாட்டுக்கு ஏறிப் போய்விடுவான், திரை அவனோடு மேலே போகும், கீழே நிற்கிற என் ஆள் செத்துப்போவான். அவன் உயிரெல்லாம் தீர்ந்துவிட்டால் ஒரு பட்டனை அழுத்தி என் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்வான். ஒரு தடவையும் கேட்டதில்லை. இதற்கிடையில் அம்மா சமையல்கட்டிலிருந்து கூப்பிடுவாள். கூப்பிடுவது என்னைத்தான். தேங்காய் துருவிவிட்டு வந்து பார்த்தால் என் ஆளும் இருக்க மாட்டான், என் உயிர்களும் இருக்காது. ஏழாவது கட்டத்தைத் தாண்டியதே இல்லை. கடைசிக் கட்டத்தை முடித்தால் என்ன வரும் என்பது முகிலனுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது செல்போனில் தேடினால் அரை நிமிஷத்தில் பார்த்துவிடலாமே என்று சொன்னேன்.

"அது ஏமாத்து வேலைக்கா. ஆடித்தான் பாக்கணும்" என்றான். அந்த விஷயத்தில் மட்டும் பயங்கர நேர்மை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் செட்டை டிவியில் மாட்டினான். அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகிலன் கை கழுவிவிட்டு வருவதற்குள் நான் முதல் ரிமோட்டை எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, அது என்னுது."

"பேர் எழுதியிருக்கா?"

சிரித்துக்கொண்டு இரண்டாவதை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல ஸ்டார்ட் பட்டன் எங்க?"

"இல்ல."

"இல்லன்னா? புது செட்டு, அதுக்குள்ள டிஃபெக்டா?"

"ரெண்டாவது ரிமோட்ல எப்பவுமே கிடையாது முகிலா. ஆரம்பிக்கிறது, நடுவுல நிறுத்துறது எல்லாம் முதல் ரிமோட்லதான்."

"நிஜமாவா?"

அவன் நடிக்கவில்லை. அத்தனை வருஷம் ஆடியவனுக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை. எனக்கு அந்த நேரம் வந்த கோபம் இருக்கிறதே, அதை வைத்து ஓர் அடுப்பையே பற்றவைத்திருக்கலாம். ஆட்டத்தை ஆரம்பித்தேன்.

நாலாவது கட்டத்தில் வாசலில் ஹார்ன் சத்தம். தண்ணி லாரி. நான் போய்த் தொட்டியின் மூடியைத் திறக்காவிட்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடத்தான் கால் எழுந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஸ்டார்ட்டை அழுத்தினேன். எல்லாம் அப்படியே நின்றது.

தொட்டி நிரம்ப இருபது நிமிஷம். உள்ளேயிருந்து இரண்டு தடவை "அக்கா, சீக்கிரம்" என்று குரல் வந்தது. "அவ வேலையா இருக்காடா, கம்முனு உக்காரு" என்று அப்பா சொன்னதும் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். என் ஆள் நான் விட்ட இடத்திலேயே துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் திரும்பி வந்தபோது அவன் உயிரோடு இருந்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாலரை மணிக்கு எட்டாவது கட்டத்துக்குள் நுழைந்தோம். முகிலன் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்திருந்தான். அவனிடம் மிச்சம் கடைசி உயிர். என்னிடம் ஓடுகிற ஆள் போக இன்னும் இரண்டு. சுவரையே அடைத்துக்கொண்டு ஒரு பெரிய தலை வாயைப் பிளந்தது.

"இதத் தாண்டினா முடிஞ்சுதுக்கா, அவ்ளோதான்" என்றான்.

ஸ்டார்ட்டை அழுத்தினேன்.

"என்னம்மா, கரண்ட் போச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நான்தான் நிறுத்தியிருக்கேன்."

முகிலன் என்னைப் பார்த்தான். "மறுபடியும் லாரியா?"

"லாரி இல்ல. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள நான் ஸ்கூலுக்குப் பதில் சொல்லணும். அப்பாவக் கூட்டிட்டுப் போறியா, இல்லியா?"

"இப்பப் போயி... இத முடிச்சிட்டுப் பேசலாம்க்கா."

"முடிச்சா நீ ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிடுவ."

ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டியை அணைத்தால் முதல் கட்டத்திலிருந்து வர வேண்டும். அதற்கு நேரமில்லை என்று அவனுக்கும் தெரியும். இரண்டாவது ரிமோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. நான் கோவிச்சுக்குவேன், ஆனா ஸ்டார்ட் பண்ணிடுவேன். பார்க்கலாம்னு மட்டும் சொல்லாத" என்றேன்.

ரிமோட்டின் வயரை விரலில் சுற்றினான். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் பயமா இருக்குக்கா" என்றான் தாழ்ந்த குரலில். "குளிப்பாட்டணும், மாத்திர குடுக்கணும். வழுக்கி கிழுக்கி விழுந்துட்டார்னா? எனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கு மட்டும் யார் சொல்லிக் குடுத்தா? மாத்திரையெல்லாம் எழுதித் தரேன். குளிக்கிறப்ப அவரே அதட்டிச் சொல்லுவாரு, அதுபடி செய்."

"நான் எங்க அதட்டுறேன்" என்றார் அப்பா.

முகிலன் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"அப்பா, நவம்பர்ல எங்ககூட வந்து இருக்கீங்களா? மூணு மாசம். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அப்பா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. வேட்டி நுனியை வலது கையால் சரிசெய்தார். இந்த ஒரு வார்த்தைக்காக நாலு வருஷம் காத்திருந்தவர், இன்னும் ஒரு நிமிஷம் அவனைக் காக்கவைத்தால் தப்பில்லை என்று விட்டுவிட்டேன்.

"பொங்கலுக்கு ரெண்டு நாள் இங்க கூட்டியாந்து விடணும்" என்றார்.

"சரிப்பா."

"அப்ப வரேன்."

பேச்சை நம்பி ஏமாந்தது போதும் என்று, டிக்கெட் போடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டான். அவன் செல்போனில் அப்பாவின் பெயர் அரிகிருஷ்ணன், வயது எழுபத்தாறு என்று வந்ததை நானே படித்துப் பார்த்தேன். பிறகு என் செல்போனை எடுத்து, பயிற்சிக்கு வருகிறேன் என்று பள்ளிக்கு ஒரு வரி அனுப்பினேன்.

"இப்பவாச்சும் ஸ்டார்ட் பண்ணுக்கா."

பண்ணினேன். இரண்டே நொடி. அவன் கவனம் எங்கேயோ இருந்திருக்கிறது, குண்டு நேராக வந்து அவன் ஆள் மேல் விழுந்தது. கடைசி உயிரும் போய்விட்டது. நான் தனியாகச் சுட்டுக்கொண்டிருந்தேன். அவன் பட்டனை அழுத்துவான் என்று எதிர்பார்த்தேன். வழக்கம் அதுதானே. கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை.

"அக்கா, உன்னுதுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்றான்.

என்னிடம் இரண்டு இருந்தன. எடுத்துக்கோடா என்றேன்.