கசப்பு சேர்த்தவன்

வெத்து மாத்திரை செய்வதுதான் அவன் வேலை. மார்பகப் புற்றுநோய் வராமல் தடுக்க ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். அதைச் சோதிக்கும் ஆய்வில் பாதிப் பெண்களுக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, விழுங்குபவளுக்கும் தெரியாது. நிறம், எடை, கசப்பு எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். முதலில் மாவு மாத்திரையில் கசப்பு சற்றுத் தாமதமாக ஏறியது. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அதையும் அவன் சரிசெய்தான். மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அம்மாவைப் புற்றுக்குப் பறிகொடுத்தவள் என்பதால் அவன் மனைவியும் அந்த ஆய்வில் சேர்ந்தாள். தினமும் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளிப்பாள்.

"இந்தக் கசப்பு கசக்குதுன்னா நிஜ மருந்துதான். இல்லேன்னா நீங்க செஞ்ச போலி."



அவளுக்கும் வந்தது. போய்விட்டாள்.

மிச்ச மாத்திரைகளை ஆய்வுக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் பாட்டிலைப் பையில் வைக்கும்போது அவளுடைய தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள். அம்மாவிடமிருந்து அக்காவுக்கு வந்த மரபணுக் கோளாறு தனக்கும் இருப்பதாக அந்த வாரம்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அக்காவுக்குக் குடுத்தது எது மாமா? மாவுன்னா, மருந்து வெளிய வர்ற வரைக்கும் காத்திருப்பேன். மருந்து சாப்பிட்டும் வந்துச்சுன்னா, மார்பை எடுத்துடச் சொல்லிடுவேன். எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல."

"எனக்கும் தெரியாதும்மா."

"லேப் உங்க கையிலதானே இருக்கு? மெஷின்ல போட்டுப் பாருங்க."

"பாத்தா உங்க அக்காவை ஆய்வுலேர்ந்தே தூக்கிடுவாங்க. அவ முழுங்கினதெல்லாம் யாருக்கும் உதவாமப் போயிடும்."

"அப்ப நாக்குல வெச்சுப் பாருங்க. நாக்கு என்ன ரிப்போர்ட்டா குடுக்கப் போகுது?"

ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு, கசப்பு கொஞ்சம் தாமதிக்காதா என்று காத்திருந்தான். உடனே ஏறியது. நுனிநாக்கில் தொடங்கி அடித்தொண்டை வரை, எங்கும் பிசகில்லை.

"என்ன மாமா?"

"நல்லா செஞ்சிருக்கேன். எதுன்னு எனக்கே கண்டுபிடிக்க முடியல."

அவளுக்குப் புரிந்தது.

"சரி. தெரியாம காத்திருக்க முடியாது. எடுத்துடச் சொல்றேன்."

குழாயைத் திறந்து டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினாள். "வாயைக் கொப்பளிங்க."

வாங்கிக்கொண்டான். கொப்பளிக்கவில்லை.