புடவைக்காரரின் புதுப்பாட்டு

காத்தான்குடிப் பக்கீர் கிழமைக்கு ஒருநாள் புடவை மூட்டையோடு தோணியேறி, ஊரார் ஆறு என்றே சொல்லும் மட்டக்களப்பு வாவியைக் கடந்து பழுகாமத்துக்கு வருவார். தன் தறியில் நெய்த சேலைகளை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். தோணியில் ஏறினால் வாய் சும்மா இராது. ஏதாவது கவி கட்டிப் பாடிக்கொண்டே வருவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு பழுகாமம் வாசிகசாலையில் பாட்டுப் போட்டி வைத்தார்கள். பாடுகிறவர் தானே கட்டிய பாட்டாக இருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பக்கீரும் பெயர் கொடுத்தார். ஒரு மாதமாகச் சொல்லை மாற்றி மாற்றி ஒரு கவி கட்டினார். அது பழுகாமத்தில் அவரிடம் சேலை வாங்கும் சீதேவிப்பிள்ளையைப் பற்றியது. சேலையைப் புரட்டிப் பார்ப்பதில் அவளை மிஞ்ச அந்த ஊரில் ஆளில்லை. கவியில் பெயர் இல்லைதான். ஆனாலும் முதல் வரியிலேயே ஊர் கண்டுபிடித்துவிடும்.

போட்டி நாள் பின்னேரம் வாசிகசாலை முற்றம் நிறைந்துவிட்டது. உள்ளூர் யோகராசா, களத்தில் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும்போது ஓடிப்போன தன் எருமையைப் பற்றிப் பாடினான். நல்ல கணீரென்ற குரல். அடுத்துப் பக்கீரைக் கூப்பிட்டதும் முன்வரிசையில் ஒருவர் எழும்பி, இது ஊராருக்கான போட்டி, காத்தான்குடியார் எப்படிப் பாடலாம் என்று கேட்டார். நடுவர் தங்கராசா வாத்தியார் என்ன சொல்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சீதேவிப்பிள்ளை எழும்பினாள்.

“பன்னிரண்டு வருசமா எங்கட முத்தத்தில இருந்து வெத்திலை போடுற மனிசன். அவர் ஊராள் இல்லையெண்டா வேற ஆரு?”

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். பக்கீர் மேடையேறினார். தனக்காகப் பேசியவளையே பகிடி பண்ணும் பாட்டு நெஞ்சில் நிற்கிறது. போட்டியில் பாடத்தக்க வேறு பாட்டோ கைவசம் இல்லை. இறங்கிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். வாத்தியார் தொடங்கச் சொல்லிக் கையசைத்தார். பக்கீர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

கரையைத் தடவிடுவா, கையாலே கசக்கிடுவா,
நூலை எண்ணிடுவா, நொட்டைகளும் சொல்லிடுவா,
வேணாம்போ என்றிடுவா, வேலியைநான் தாண்டுமுன்னே
ஓடி வந்திடுவா, ஒருக்காஅவிழ் என்றிடுவா.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு சபை முழுவதும் சீதேவிப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பக்கீர் கண்ணைத் திறந்தபோது அவள் எழும்பி நின்றாள். ஏசப்போகிறாள் என்றுதான் நினைத்தார். அவளோ அவர் பாடிய அதே மெட்டில், நின்ற இடத்திலிருந்தே, பக்கத்துப் பெண்களைக் ‘கா’ என்று விளித்துப் பாடினாள்.

சாயம் போகாதெண்டு சத்தியங்கள் பண்ணித்தந்தார்,
ஆத்தில் அலசையிலே ஆறெல்லாம் சிவந்ததுகா,
சேலை வெளுத்துப்போச்சு, திரளிமீன் சிவந்துபோச்சு,
மீனுக்குச் சேலைவித்து மிடுக்காக நிக்கிறார்கா.

சிரிப்பு அடங்க வெகுநேரம் சென்றது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையில் நின்ற பக்கீருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை; இன்னொருதரம் பாடச் சொல்லி அவளைக் கேட்டதும் அவர்தான்.

முதற்பரிசு யோகராசாவுக்குக் கிடைத்தது. குரலுக்கு அது தகும் என்று பக்கீரே சொன்னார். அவருக்கு இரண்டாம் பரிசு. சீதேவிப்பிள்ளை பெயர் கொடுக்காதவள் என்பதால் அவளுக்கு ஒன்றும் கொடுக்க முடியாது என்றார் வாத்தியார். அப்படியானால் அடுத்த வருசத்துக்குத் தன் பெயரை இப்போதே எழுதும்படி அவள் சொல்ல, அவரும் எழுதிக்கொண்டார்.

சனம் கலையும்போது பக்கீர் தயங்கித் தயங்கி அவளிடம் போனார்.

“தங்கச்சி, கோவமா?”

“கோவமில்ல காக்கா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் அவள். “ஆனா நூலை எண்ணுறன் எண்டது பொய். கசக்கிப் பாக்கிறது மட்டுந்தான்.”

அந்த வரியைத் திருத்திவிடுவதாக அவர் ஒப்புக்கொண்டார். பொழுது சாயமுன் தோணியும் புறப்பட்டது.

அடுத்த கிழமை காத்தான்குடியில் தறிக்குத் தறி மீனுக்குச் சேலை விற்ற கவிதான் கேட்டது. அதைக் கொண்டுபோய்ப் பாடிப் பரப்பியவர் வேறு யாருமில்லை, பக்கீரேதான்.